ஒன்பது ரோஜாச் செடிகள், ஓர் ஐப்பசி மழை: இடம் மாற்றி நட்டவை தேறி வந்த விதம்

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கே பக்கத்துத் தெரு அக்காவிடமிருந்து போன். "தம்பி, ரோஜா எல்லாம் தலையைத் தொங்கப் போட்டிருச்சுப்பா. முந்தாநேத்து ஒன்னு, இன்னைக்கு நாலு. தண்ணியெல்லாம் ஊத்திக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ." அவர் பதற்றம் எனக்குப் புரிந்தது. அந்தச் செடிகளில் இரண்டு பன்னீர் ரோஜா, அவருடைய அம்மா வீட்டிலிருந்து குச்சியாக வந்தவை. எட்டு வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் சாமி படத்துக்குப் பூக் கொடுத்தவை.

அன்றிலிருந்து மாசி முடிய நாலரை மாதம் அந்த ஒன்பது செடிகளையும் விடாமல் பார்த்தேன். நோட்டில் தேதி போட்டுக் குறித்து வைத்தேன். ஏழு பிழைத்தன, இரண்டு போயின. புதிதாக நட்ட ரோஜா வாடினால் நாம் முதலில் ஓடுவது மருந்துக் கடைக்கு. இந்தச் செடிகள் பட்ட பாட்டில் பாதி, அப்படி ஓடி வாங்கி வந்து ஊற்றியதால் வந்தது. அதனால்தான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

செடிகள் இடம் மாறியது

மதுரையில் அவர்கள் வீட்டு முன்புறம் கார் நிறுத்த இடம் கட்டினார்கள். அங்கிருந்த நாலு செடிகளைப் பின்பக்கக் காம்பவுண்டுச் சுவரோரம் மாற்ற வேண்டியிருந்தது: பன்னீர் இரண்டு, ஒரு வெள்ளை, ஒரு ஆந்திரா சிவப்பு. கூடவே தெருவில் மினி லாரியில் வந்த 'ஓசூர் ரோஜா' ஐந்து வாங்கிச் சேர்த்தார் அக்கா. மஞ்சள், ஆரஞ்சு, ரோஸ், இரட்டை நிறம், கருஞ்சிவப்பு. எல்லாம் ஒட்டுச்செடிகள், அதாவது காட்டு ரோஜாவின் வேர்த்தண்டில் நல்ல ரகத்தை ஒட்டி வளர்த்தவை, கறுப்புப் பையில், செம்மண் உருண்டையோடு.

கொத்தனாரோடு வந்த ஆள் ஒரே மதியத்தில் வேலையை முடித்துவிட்டார். பழைய செடியைச் சுற்றி மண்வெட்டியால் நாலு வெட்டு, ஒரு நெம்பு, தூக்கி வைத்தாயிற்று. தூக்கும்போதே மண் முழுக்க உதிர்ந்துவிட்டது. புதுக் குழிகள் முக்கால் அடி ஆழம்கூட இல்லை. ரோஜாவுக்கு 45 சென்டிமீட்டர் நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து, குழிக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரம் போடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். இங்கே ஒரு கைப்பிடி டிஏபி ரசாயன உரம், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு, அப்புறம் பாதி மக்கிய சாணம் போட்டு, வேர் நேராக அதன்மேல் உட்காரும்படி நட்டிருந்தார்கள். காலையும் மாலையும் தண்ணீர். ஆறாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. மழையிலும் மாலைத் தண்ணீர் நிற்கவில்லை.

செடி வாடத் தொடங்கியதும் அக்கா கேட்டவரிடமெல்லாம் கேட்டிருக்கிறார். ஆளுக்கொரு யோசனை. வெங்காயத் தோல் தண்ணீர், புளித்த மோர், எப்சம் உப்பு, உச்சி வெயிலில் வேப்பெண்ணெய்த் தெளிப்பு, கடைக்காரர் கொடுத்த சூடோமோனாஸ், மறுநாளே காப்பர் மருந்து. சூடோமோனாஸ் ஒரு நல்ல பாக்டீரியா. காப்பர் அதையும் சேர்த்துக் கொல்லும். முதல் நாள் காசு கொடுத்து விட்டதை இரண்டாம் நாள் காசு கொடுத்துக் கொன்ற கணக்கு. அக்காவை நான் குறை சொல்லவில்லை. கண்ணெதிரே செடி சாகும்போது எதையாவது செய்யத்தான் கை பரபரக்கும்.

பன்னிரண்டாம் நாள் கண்டது

நான் போனது நட்ட பன்னிரண்டாம் நாள். அப்போது மணி ஏழரை, வெயில் இன்னும் ஏறவில்லை. இந்த நேரம் முக்கியம். மத்தியானம் வாடி, சாயங்காலம் நிமிர்ந்துவிடும் செடியைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். வெயில் இழுத்த அளவுக்கு வேரால் கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். இரவு முழுக்க ஓய்ந்திருந்தும் காலையில் தொங்கிக்கொண்டிருந்தால், வேர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அங்கே ஐந்து செடிகள் காலையிலேயே தொங்கின.

இலைகளைப் பார்த்தேன். பன்னீர் இரண்டும் அடியிலிருந்து மஞ்சளாகி உதிர்த்துக்கொண்டிருந்தன. தொட்டாலே காம்போடு கழன்று விழுந்தன. அக்காவுக்கு அது பெரிய துக்கம். எனக்கு அதைப் பார்த்ததும்தான் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. இலையைத் தானாக உதிர்க்க உயிருள்ள செடியால்தான் முடியும். காம்படியில் ஒரு மெல்லிய தடுப்பை வளர்த்து, தாங்க முடியாத இலையை அது கழற்றிவிடுகிறது. கருஞ்சிவப்பில் வேறு மாதிரி இருந்தது. இலைகள் பச்சை நிறம் மாறாமலே காய்ந்து, அப்பளம்போல் நொறுங்கின. ஆனால் கிளையை விட்டு வரவில்லை. உதிர்க்க நேரம் கிடைப்பதற்கு முன்பே கிளை செத்துவிட்டது என்பதன் அடையாளம் இது. நோட்டில் அந்தச் செடியின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டேன். களி மாதிரி பிசுபிசுத்தது. விரலை எடுத்து மோந்தால் அடைத்த சாக்கடை வாடை. சுவரோரத்தில் மழைத்தண்ணீர் வடிய வழியே இல்லை.

ஆரஞ்சுச் செடி மட்டும் ஜன்னல் சன்ஷேடுக்குக் கீழே இருந்தது. அதுவும் வாடியிருந்ததால் அதையும் சேர்த்து அழுகல் கணக்கில்தான் முதலில் வைத்தேன். பிறகு ஒரு சந்தேகம் வந்து தோண்டிப் பார்த்தேன். மேல் மண் ஈரம். உள்ளே செம்மண் உருண்டை அப்படியே கல்லாக இருந்தது. கையால் அழுத்தினால் அசையவில்லை. கத்தியால் ஓரத்தைச் சீவினால் உள்ளே புழுதி. மழை அந்த இடத்தில் விழவில்லை, ஊற்றிய தண்ணீரோ உருண்டையைச் சுற்றி ஓடி இறங்கிவிட்டது. நாலடி தூரத்தில் ஒரு செடி தண்ணீரில் மூழ்கிச் சாகிறது, இன்னொன்று தாகத்தில் சாகிறது. இரண்டும் வெளியே ஒரே மாதிரி தலையைத் தொங்கப் போடுகின்றன. தோண்டிப் பார்க்காமல் இருந்திருந்தால் இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்திருப்பேன்.

வேருக்கு என்ன ஆயிற்று

தண்ணீரை உறிஞ்சுவது நம் கண்ணுக்குத் தெரியும் தடித்த வேர் இல்லை. வேர் நுனிக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் மயிரிழைகள்தான். ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல். மண் துகளோடு ஒட்டியே இருக்கும். மண் உதிரும்போது அவையும் அறுந்துபோகும். மேலே இலைகளோ நேற்று விட்ட அதே அளவு நீராவியை இன்றும் விடுகின்றன. புது வேர் நுனி வந்து மயிரிழை முளைக்கும் வரை வரவுக்கு மேல் செலவு.

புது வேர் முளைக்க மண்ணில் காற்று வேண்டும். சேற்றில் காற்று இல்லை. பாதி மக்கிய சாணம் மிச்சமிருக்கும் காற்றையும் தான் மக்குவதற்கு எடுத்துக்கொண்டு சூடும் கிளப்புகிறது. டிஏபி ஓர் உப்பு. வெட்டுப்பட்ட வேரின்மேல் நேரடியாகப் பட்டால் உப்பு போட்ட மாங்காய்த் துண்டு தண்ணீர் விடுவதுபோல் வேர் தன் தண்ணீரை வெளியே விட்டுவிடும். தோண்டிய ஆந்திரா சிவப்பில் வேர் கெட்டிருந்ததை நேராகவே பார்த்தேன். வேரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து லேசாக இழுத்ததும் மேல்தோல் உறைபோலக் கழன்று கையோடு வந்தது. உள்ளே நூல் மட்டும் மிச்சம். நல்ல வேர் இழுத்தாலும் தோல் விடாது, உடைத்தால் உள்ளே வெள்ளையாக இருக்கும்.

புதுச் செடிகளுக்கு இன்னொரு சிரமமும் இருந்தது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். அங்கே குளிர்ந்த இரவில் நிழல்வலைக்குக் கீழே வளர்ந்த செடி, இரண்டே நாளில் மதுரை வெயிலுக்கு வருகிறது. வந்ததும் பையைக் கிழித்து நடாமல் பத்து நாள் அரைநிழலில் அப்படியே வைத்திருந்தால் இந்த அதிர்ச்சியில் பாதி குறைந்திருக்கும்.

முதல் வாரம்

அன்று எதையும் தெளிக்கவில்லை. அக்காவிடம் இரண்டு விஷயம் சொன்னேன்: நான் சொல்லும்வரை தண்ணீர் கிடையாது, உரம் கிடையாது. "பட்டினி போடச் சொல்றியா?" என்று கேட்டார். "காய்ச்சல்காரருக்குப் பிரியாணி வேண்டாம்னு சொல்றேன்கா" என்றேன். சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

முதல் வேலை வடிகால். சுவரை ஒட்டி ஒரு அடி ஆழத்துக்கு வாய்க்கால் கீறி, பின்வாசல் பக்கம் சரிவு கொடுத்தோம். கீறிய பத்தே நிமிடத்தில் பழுப்புத் தண்ணீர் கசிந்து ஓடத் தொடங்கியது. பன்னீர் இரண்டையும் வெள்ளையையும் பிடுங்கவில்லை. இரண்டாம் முறை பிடுங்கினால் மிச்ச வேரும் போய்விடும். சுற்றியிருந்த சாணத்தை மட்டும் கையால் வழித்து எடுத்து அந்த இடத்தில் செம்மண்ணும் ஆற்றுமணலும் கலந்து போட்டோம்.

ஆரஞ்சு, கருஞ்சிவப்பு, ஆந்திரா சிவப்பு மூன்றும் தொட்டிக்குப் போயின. ஆரஞ்சின் உருண்டையை வாளித் தண்ணீரில் மூழ்க வைத்தோம். அரை மணி நேரம் குமிழி வந்துகொண்டே இருந்தது. குமிழி நின்றபின், வெளி அங்குலத்தை மட்டும் விரலால் மெல்ல உதிர்த்து, வேர் நுனிகள் வெளியே தெரியும்படி செய்தேன். உருண்டையை முழுக்கக் கழுவி எடுப்பவர்கள் உண்டு. இலையோடு நிற்கும் செடிக்கு அது இன்னொரு பிடுங்கல் என்பது என் எண்ணம். மற்ற இரண்டிலும் அழுகிய வேரை நல்ல வேர் வரும்வரை வெட்டினேன். ஒவ்வொரு செடிக்கும் நடுவே கட்டர் முனையை ஸ்பிரிட்டால் துடைத்தேன். தொட்டிக் கலவை: செம்மண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய பழைய மண்புழு உரம் ஒரு பங்கு. வேறு எதுவும் இல்லை. ஒட்டுக் கட்டிய முடிச்சு மண்ணுக்கு இரண்டு அங்குலம் மேலே இருக்கும்படி வைத்தோம். குளிர் நாடுகளில் பனியிலிருந்து காக்க அந்த முடிச்சை மண்ணுக்குள் புதைப்பார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்து இங்கேயும் புதைத்துவிடுகிறோம். நம் மழைக்கு அது அழுகலுக்கு வாசல் திறந்து வைப்பதுபோல்.

மேற்குப் பக்கம் அக்காவின் பழைய நூல்சேலை ஒன்றைக் கட்டினோம். காலை வெயில் வரட்டும், இரண்டு மணிக்கு மேற்பட்ட வெயில் வேண்டாம்.

பன்னீர்ப் புதர்கள் நாலடி உயரம் இருந்தன. இருக்கும் வேர் அவ்வளவையும் தாங்காது. இரண்டடிக்குக் குறைத்தேன். ஆனால் மீதியிருந்த இலைகளில் ஒன்றைக்கூடக் கிள்ளவில்லை. வேர் வளர்க்கச் சாப்பாடு அந்த இலையிலிருந்துதான் வரவேண்டும். ஓசூர்ச் செடிகளில் கருகிய நுனியையும் மொட்டுகளையும் மட்டும் எடுத்தேன். ரோஸ் செடியில் ஒரு மொட்டு வாய் திறந்து இதழ் தெரிந்தது. "அதை மட்டும் விட்டுரு தம்பி, வெள்ளிக்கிழமைக்கு ஆகும்." நான் கட்டரை அவர் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தானே வெட்டி, பூஜை அறைக்குக் கொண்டுபோய் ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்தார். ஒரு பூவை மலர்த்த ஆகும் சத்தில் செடி எவ்வளவோ வேர் விட்டுவிடும். நட்ட முதல் ஆறு வாரம் மொட்டு வரவர எடுத்துவிட வேண்டும். ரோஜா வளர்ப்பவர்களுக்கு இதைவிடக் கஷ்டமான வேலை இல்லை, எனக்கும் அப்படித்தான்.

கரும்புள்ளி

மழைக்கு நடுவே வந்த நோய் இது. மஞ்சள் செடியில்தான் அதிகம். இலையின் மேல்பக்கம் கறுப்பு வட்டம். அதன் ஓரம் வெட்டினாற்போல் நேராக இருக்காது. மை ஒற்றுத்தாளில் ஊறினால் சிலுப்பிக்கொண்டு பரவுமே, அப்படி இருக்கும். சுற்றிலும் மஞ்சள் படரும். உரக்குறையால் வரும் மஞ்சளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது அந்தச் சிலுப்பல் ஓரம்தான்.

டிப்ளோகார்ப்பன் ரோசே என்பது பூஞ்சையின் பெயர். இதற்குத் தண்ணீர் வேண்டும், அதுவும் இலைமேல். இலை ஏழு மணி நேரம்போல் தொடர்ந்து ஈரமாக இருந்தால்தான் வித்து முளைத்து உள்ளே நுழையும். நுழைந்து ஒரு வாரம், பத்து நாளில் புள்ளி தெரியும். கீழே விழுந்த இலையிலிருந்து மழைத்துளி தெறிக்கும்போது மேலே ஏறும். அக்கா மாலையில் ஓஸ் பிடித்துச் செடியைத் தலைக்குக் குளிப்பாட்டியிருந்தார். இரவு முழுக்க இலை ஈரம். பூஞ்சைக்கு அதைவிட வசதி வேறில்லை.

மஞ்சள் ரோஜாவுக்கு ஏன் இவ்வளவு வருகிறது என்று அக்கா கேட்டார். அதற்கு ஒரு பழைய கதை உண்டு. இன்றைய தோட்டத்து மஞ்சள் ரோஜாக்களில் பலவற்றின் பூர்வீகம் பிரான்ஸின் லியோன் நகரத்து ஜோசஃப் பெர்னே-டூஷே 1900-இல் வெளியிட்ட 'சொலேய் டோர்' என்ற ரகத்துக்குப் போகும். பாரசீக மஞ்சள் ரோஜாவிலிருந்து அவர் அந்த நிறத்தைக் கொண்டுவந்தார். நிறத்தோடு கரும்புள்ளிக்கு எளிதில் ஆட்படும் குணமும் கூடவே வந்துவிட்டது.

செய்தது இதுதான். விழுந்த இலை, புள்ளி பட்ட இலை எல்லாவற்றையும் பொறுக்கிப் பையில் கட்டி வெளியேற்றினோம், உரக்குழிக்குக் கொண்டுபோகவில்லை. மஞ்சளில் மட்டும் ஒரே நாளில் எல்லா இலையையும் எடுக்காமல், பாதிக்கு மேல் புள்ளி விழுந்ததை முதலில் எடுத்தேன். மழை இரண்டு நாள் விட்டபோது மேங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2 கிராம் கலந்து, முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, காலையில் இலையின் இரண்டு பக்கமும் படும்படி தெளித்தேன். பத்து நாள் இடைவெளியில் மொத்தம் மூன்று முறை. இந்த மருந்து புள்ளி விழுந்த இலையைக் குணமாக்காது, விழாத இலையைக் காக்கும். இது தெரியாமல்தான் பலர் இரண்டு நாள் பார்த்துவிட்டு மருந்தை மாற்றுகிறார்கள். மழை ஓய்ந்ததும் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிக் காய்ந்த வைக்கோல் பரப்பினோம். மண் தெறிப்பது நின்றது. அதன் பிறகு புதுப் புள்ளி அபூர்வமாகத்தான் வந்தது.

உச்சி வெயிலில் அடித்த வேப்பெண்ணெய் இரட்டை நிறச் செடியின் இலையோரங்களைப் பொசுக்கியிருந்தது. அதை அக்கா நோய் என்று நினைத்திருந்தார். அதற்கு வைத்தியம் எதுவும் தேவைப்படவில்லை.

நுனிக்கருகல், இரண்டு இழப்புகள்

கருஞ்சிவப்பின் கிளை நுனிகள் கறுத்திருந்தன. கறுப்புக்கும் பச்சைக்கும் நடுவே பழுப்புக் கோடு. நகத்தால் பட்டையைக் கீறினால் கோட்டுக்குக் கீழே பச்சை, மேலே காப்பித்தூள் நிறம். நுனிக்கருகல் பலமான செடியிடம் வாலாட்டாது. வெட்டுக்காயம் வழியாக, சோர்ந்துபோன செடியில் நுழைந்து கீழ்நோக்கி இறங்கும்.

கறுப்புக்கு இரண்டு அங்குலம் கீழே வெட்டினேன். வெட்டுமுகத்தின் நடுவே சோறு, அதாவது தண்டின் மையத்து மென்மையான பகுதி, பழுப்பாக இருந்தது. இன்னும் ஒரு அங்குலம். இன்னும் பழுப்பு. மூன்றாம் வெட்டில் வெளிறி வந்தது, நாலாவதில்தான் வெள்ளை. அங்கே நிறுத்தி, காப்பர் ஆக்ஸி குளோரைடைத் தண்ணீரில் தோசை மாவு பதத்துக்குக் குழைத்துப் பூசினேன். நாலு கிளைக்கும் இப்படியே. மஞ்சளிலும் ரோஸிலும் ஒவ்வொரு கிளைக்கு இதே வைத்தியம் செய்தது பலித்தது. கருஞ்சிவப்பில் பலிக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் கோடு கீழே இறங்கிக்கொண்டே வந்தது. நட்ட 31ஆம் நாள் ஒட்டு முடிச்சைத் தொட்டது. வேர் கொடுக்காமல் தண்டில் மருந்து பூசி அதை நிறுத்த முடியவில்லை.

ஆந்திரா சிவப்பு அதற்கு முன்பே, 19ஆம் நாள் போய்விட்டது. தோல் கழன்ற வேர்களை எல்லாம் வெட்டியபின் அதற்கு மிஞ்சியது கட்டைவிரல் நீள வேர் இரண்டுதான். அன்றே அதன் கிளைகளிலிருந்து நல்ல குச்சிகளை வெட்டிப் பதியம் போட்டிருந்தால் ரகமாவது மிஞ்சியிருக்கும். எனக்கு அது தோன்றாமல் போனது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. இப்போது இப்படிப்பட்ட செடியைப் பார்த்தால் முதல் நாளே பென்சில் தடிமனில் நாலு குச்சி எடுத்து மணலில் ஊன்றிவிடுகிறேன்.

பொய்த்துளிரும் உண்மைத்துளிரும்

நட்ட இருபது நாளில் எல்லாக் கணுக்களிலும் செம்பு நிறத்தில் துளிர் எட்டிப் பார்த்தது. அக்காவுக்குச் சந்தோஷம். உரம் வைக்கலாமா என்று கேட்டார். இன்னும் வேண்டாம் என்றேன். முதல் துளிர் தண்டில் சேமித்து வைத்த சத்தில் வருவது. வேரே இல்லாத வெட்டுக் குச்சிகூட ஈரத்தில் வைத்தால் துளிர்க்கும். சேமிப்பு தீர்ந்ததும் பத்தே நாளில் அந்தத் துளிர் கருகிவிடும். ஆந்திரா சிவப்பும் சாவதற்கு முன் அழகாகத் துளிர்த்தது.

வேர் பிடித்ததா என்று நான் பார்ப்பது மூன்று இடத்தில். மத்தியானம் இரண்டு மணிக்குத் துளிர் நிமிர்ந்து நிற்கிறதா. துளிர் இலையின் சிவப்பு மாறிப் பச்சையாகித் தடித்ததா. தண்டை இரண்டு விரலால் பிடித்து லேசாக மேலே தூக்கினால் மண் எதிர்த்துப் பிடிக்கிறதா. தொட்டி என்றால் அடித்துளையில் வெள்ளை வேர் நுனி தெரியும். ஆரஞ்சில் அந்த வெள்ளை நுனியை 34ஆம் நாள் பார்த்தேன். அக்காவைக் கூப்பிட்டுத் தொட்டியைச் சாய்த்துக் காட்டினேன். அரிசி முனை அளவுதான் இருக்கும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

ஆறாவது வாரம்தான் முதல் சாப்பாடு. செடிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், தண்டைவிட்டுத் தள்ளி. இரண்டு வாரம் கழித்துக் கடலைப் புண்ணாக்கு ஊறல், ஒன்றுக்குப் பத்து தண்ணீர் கலந்து. தண்ணீர் விரலைக் கேட்டுத்தான்: ஒரு அங்குலத்துக்குக் கீழே ஈரம் இருந்தால் அன்று இல்லை.

மார்கழியில் புது இலைகள் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் வந்தன. போர்வெல் தண்ணீரின் உப்பு மண்ணைக் காரமாக்கி இரும்பைப் பூட்டிவைத்திருந்தது; வாளியின் உட்புறம் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்தாலே தெரியும். இரும்புச் செலேட்டை (செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவிலான இரும்புச் சத்து) இலைமேல் தெளித்ததும், மாடியில் பிடித்துவைத்த மழைத்தண்ணீரைச் சில வாரம் ஊற்றியதும் போதுமானதாக இருந்தது. அதே மாதம் துளிர்களில் வெள்ளை மாவு தட்டியதுபோல் சாம்பல் நோய் எட்டிப் பார்த்தது. நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், ஒரே தெளிப்பு. வெயில் காலத்தில் கந்தகம் இலையைப் பொசுக்கும் என்பதால் மாசியில் சிவப்புச் சிலந்தி வந்தபோது அதைத் தொடவில்லை. இலையின் அடிப்பக்கம் காலை வேளையில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி மூன்று நாளைக்கு ஒரு முறை கழுவியதில் அடங்கிவிட்டது.

கருஞ்சிவப்பின் அடிக்கட்டை

கார்த்திகை நடுவில் அக்கா ஓடிவந்தார். "தம்பி, செத்தது பிழைச்சிருச்சு! அந்தக் கருஞ்சிவப்பு அடியிலருந்து வந்திருக்கு பாரு!" போய்ப் பார்த்தேன். கொழுத்த இரண்டு துளிர்கள். பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், மனசு வரவில்லை. குனிந்து ஒட்டு முடிச்சைக் காட்டினேன். முடிச்சு கறுத்துச் செத்திருந்தது. துளிர்கள் அதற்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து வந்தவை. ஒரு காம்பிலுள்ள சிற்றிலைகளின் எண்ணிக்கையை வைத்துச் சொல்வார்கள், ஏழு இருந்தால் காட்டுச்செடி, ஐந்து இருந்தால் ரகம் என்று. அது எல்லா ரகத்துக்கும் பொருந்தாது. முடிச்சுக்கு மேலா கீழா என்பதுதான் சரியான சாட்சி. "அப்போ இது பூக்காதா?" "பூக்கும்கா, ஆனா அந்தச் சிவப்பு வராது." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வேர் நல்லாத்தானே இருக்கு, பிடுங்காதே" என்றார்.

பிடுங்கவில்லை. தை கடைசியில் அதன் ஒரு தண்டு பென்சில் தடிமன் வந்ததும், அந்த வேரில் வெள்ளை ரோஜாவை ஒட்டிப் பார்க்கலாம் என்று, தேறி நின்ற வெள்ளைச் செடியிலிருந்து ஒரு கண், அதாவது துளிர்க்கும் மொட்டு, எடுத்தேன். பூத்து முடிந்த கிளையின் நடுப்பகுதியில் உப்பி நின்ற கண், இலைக்காம்பின் மிச்சத்தோடு. வேர்த்தண்டின் பட்டையில் ஆங்கில 'டி' எழுத்துபோல் கீறி, பட்டையைக் கத்தியின் பின்புறத்தால் விலக்கி, கண்ணை உள்ளே செருகி, கண் மட்டும் வெளியே தெரியும்படி பிளாஸ்டிக் நாடாவால் சுற்றினோம். நாடாவின் நுனியை அக்கா பிடித்துக்கொண்டார்.

இருபத்தொரு நாள் கழித்து மாசியில் நாடாவைப் பிரித்தேன். காம்பு மிச்சத்தை விரலால் தொட்டதும் தானாகக் கழன்று விழுந்தது. அதன் கீழே கண் பச்சையாக, நெல் அளவுக்குப் பருத்து, வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தது.